கொக்கா

"இந்தா, இதைக் கொண்டுபோய்க் கொக்காட்டைக் குடு" என்று ஒரு தாய் தன் சின்ன மகளிடம் சொன்னபோது, ஆரெலி கடை மேசைமேல் ஒரு பட்டுச் சால்வையை விரித்து அதன் கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருந்த சின்னப் புடவைக்கடை அது. சனிக்கிழமை என்பதால் உள்ளே திரும்ப இடமில்லை. தாய் நீட்டிய சட்டையை வாங்கிக்கொண்ட சிறுமி, உடுப்பு மாற்றும் அறையின் திரையை விலக்கி உள்ளே நுழைந்தாள். உள்ளேயிருந்து இன்னொரு பெண்பிள்ளையின் சிரிப்புக் கேட்டது.

ஆரெலிக்குத் தமிழ் தெரியாது. அந்தக் கடைக்குள் பேசப்பட்டதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் ஓடும் சத்தம்தான். அதற்குள்ளிருந்து ஒரே ஒரு சொல் மட்டும் கல்லைப்போலத் தனியாக வந்து விழுந்தது. அவள் சால்வையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தாயும் இரண்டு பிள்ளைகளும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனபிறகுதான் கடைக்காரப் பெண்ணிடம் பிரெஞ்சில் கேட்டாள்.

"அந்தப் பெண் கொக்கா என்று ஏதோ சொன்னாரே. அது என்ன?"

கடைக்கார யோகராணிக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. இருபது வருடமாக அந்தத் தெருவில் துணி விற்றுப் பழகிய பிரெஞ்சு அவளுடையது. இலக்கணம் அங்கங்கே உதிர்ந்திருந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிடும்.

"உன்னுடைய அக்கா என்று அர்த்தம். ஒரு பிள்ளையிடம் அதன் அக்காவைப் பற்றிச் சொல்லும்போது அப்படிச் சொல்வோம். கொக்கா, கொண்ணன், கொம்மா. யாழ்ப்பாணத்து ஆட்களின் பேச்சு."

"சிங்களத்திலும் அப்படிச் சொல்வார்களா?"

"இல்லை. அது எங்களுடையது மட்டும்" என்ற யோகராணி, மேசையைச் சுற்றி வந்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். எதிரே நின்றவளின் முகம் அப்படி வெளிறிப்போயிருந்தது.

ஆரெலி நோர்மண்டியில் கடலோரச் சின்ன ஊரொன்றில் வளர்ந்தவள். அவளை வளர்த்த பெர்னாரும் ஜிஸ்லேனும் 1984இல் கொழும்புக்குப் போய், குழந்தைகளைத் தத்துக் கொடுக்கும் ஒரு விடுதியிலிருந்து அவளை அழைத்து வந்தார்கள். அப்போது அவளுக்கு மூன்று வயது இருக்கலாம். பெற்ற தாயென்று ஒரு சிங்களப் பெயரும், தெற்கே ஒரு கடற்கரைப் பட்டினத்தின் விலாசமும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் ஆரெலி விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனாள். அந்த விலாசத்தில் சைக்கிள் திருத்தும் கடையொன்று இருந்தது. அப்படி ஒரு பெண்ணை அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அவளைக் கொடுத்த விடுதியும் எப்போதோ மூடப்பட்டிருந்தது. பெயரும் பொய், விலாசமும் பொய் என்று தெரிந்துகொண்டு, கழுத்துப் பின்புறம் வெயிலில் உரிந்தபடி பாரிஸுக்குத் திரும்பி வந்தாள்.

பாரிஸுக்கு வடக்கே சென் தெனியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. லா சப்பல் அங்கிருந்து தொலைவில்லை. ஆனாலும் பல வருடங்களாக அவள் அந்தப் பக்கம் வருவதைத் தவிர்த்தே வந்தாள். இங்கே எல்லோரும் அவளிடம் தமிழில் பேசிவிடுவார்கள். வழி கேட்பார்கள், நேரம் கேட்பார்கள். அவள் "மன்னியுங்கள்" என்று பிரெஞ்சில் சொன்னதும் அவர்களுடைய முகத்தில் ஒரு சின்ன வித்தியாசம் தெரியும். வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, பிழையான வீடு என்று கண்டதும் பின்வாங்குகிற முகம். ஜிஸ்லேனின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு பட்டுச் சால்வை வாங்கவென்றுதான் அன்று வந்தாள்.

யோகராணி கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அந்தக் கதையைச் சொன்னாள். வீட்டில் எல்லோரும் சிரித்துச் சொல்லும் கதை. வந்த புதிதில் அவள் எந்நேரமும் "கொக்கா, கொக்கா" என்று அழுதாளாம். இலங்கையில் கூடப் பிள்ளைகளுக்குக் கொக்கா கோலா கொடுத்துப் பழக்கியிருக்கிறார்களே என்று பெர்னார் ஆச்சரியப்பட்டு, அன்றைக்கே ஒரு பெட்டி வாங்கி வந்து நிலவறையில் அடுக்கினார். அழும்போதெல்லாம் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார். குமிழி மூக்கில் ஏற அவள் தும்முவாள், பிறகு குடிப்பாள், பிறகு அழுகை நின்றுவிடும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் யாராவது இதைச் சொல்லாமல் விட்டதில்லை. பெர்னார் இறந்து போவதற்கு முந்தின கோடையில்கூடச் சொன்னார்.

யோகராணி சிரிக்கவில்லை. திரை விலகிக் கிடந்த அந்த அறையைப் பார்த்தபடி தமிழில், தனக்குள் சொல்வதுபோல, "ஐயோ என்ரை பிள்ளை" என்றாள்.

பிறந்தநாளுக்கு ஆரெலி ஊருக்குப் போனாள். விருந்தாளிகள் போனபிறகு ஜிஸ்லேன் புதுச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னேர வெயில் கண்ணாடிக் கோப்பைகளில் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சமையலறையின் மணமும், ஜன்னலுக்கு வெளியே கடற்காகங்களின் சத்தமும்தான் ஆரெலிக்குப் பால்யம் என்றால் ஞாபகம் வருபவை. பெர்னார் படகு இயந்திரங்களைத் திருத்திவிட்டு எண்ணெய்க் கையோடு வந்து, முழங்கையால் கதவைத் திறப்பார். அந்தக் கதவுச் சத்தம் இன்னும் அப்படியே இருந்தது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு சொல்லின் அர்த்தத்தை எப்படி இங்கே கொண்டுவந்து போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் போட்டாள்.

ஜிஸ்லேன் துடைத்துக்கொண்டிருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

"நீ கேட்டதைத்தான் கொடுக்கிறோம் என்று நினைத்தோம்" என்றாள்.

"தெரியும் அம்மா."

"பெர்னார் இருந்திருந்தால் இதைத் தாங்கியிருக்கமாட்டார்." பிறகு சால்வையின் நுனியை விரலில் சுற்றியபடி, "நீ வெறும் கொக்கா என்று மட்டும் சொல்லவில்லை. அதன் பின்னால் வாலைப்போல இன்னொன்றும் இருந்தது. கொக்காவருவா. ஒரே சொல் போலச் சொல்வாய். முதல் குளிர்காலம் முழுவதும் அந்த ஜன்னலில் ஏறி நின்று, தெருவைப் பார்த்துச் சொல்வாய். எங்களைப் பார்த்துச் சொல்லமாட்டாய். அது எனக்கு அப்போதே ஒருமாதிரி இருந்தது. நான் பெர்னாரிடம் சொல்லவில்லை" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ஆரெலி அதை யோகராணியிடம் சொல்லிக் காட்டினாள். அவளுடைய பிரெஞ்சு நாவில் 'ரு' தொண்டைக்குள் போய் உருண்டு வந்தது. ஆனாலும் யோகராணிக்கு விளங்கிவிட்டது.

"உன் அக்கா வருவாள். அதுதான் அர்த்தம்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "பிள்ளை தன் அக்காவை அக்கா என்றுதான் கூப்பிடும். கொக்கா என்று சொல்லாது. அப்படிச் சொல்வது மற்றவர்கள். நீங்கள் அழ, உங்களைத் தூக்கி வைத்திருந்த யாரோ, அழாதே, உன் அக்கா வருவாள் என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்" என்றாள்.

ஆரெலி அந்த வசனத்தோடு மெத்ரோவில் வீட்டுக்குப் போனாள். முப்பது வயது வரை தன்னை யாரோ வேண்டாமென்று கொடுத்துவிட்டார்கள் என்ற ஒரே எண்ணத்தைத்தான் அவள் பல மாதிரியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த இடத்தில் ஒரு பெண் பிள்ளை வந்து நின்றது. முகமில்லை. உயரம்கூடத் தெரியவில்லை. ஆனால் அது எங்கேயோ போயிருக்கிறது, திரும்பி வர இருக்கிறது.

பாரிஸிலிருந்து ஒலிபரப்பாகும் தமிழ் வானொலி ஒன்றில் யோகராணிக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவளே போய் அறிவித்தாள். எண்பத்துமூன்று, எண்பத்துநாலாம் வருடங்களில் கொழும்பில் சின்னத் தங்கச்சியைத் தவறவிட்ட அக்கா யாராவது இருந்தால் கடைக்குத் தொடர்பு கொள்ளும்படி கேட்டாள். தொலைபேசி ஓயவில்லை. யுத்தம் முடிந்த அந்த வருடங்களில் லா சப்பலில் எல்லோரும் யாரையாவது தேடிக்கொண்டிருந்தார்கள். மகனைத் தேடியவர்கள் எடுத்தார்கள், புருஷனைத் தேடியவர்கள் எடுத்தார்கள். தங்கச்சி இல்லை, தம்பிதான், ஆனாலும் ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாமென்று எடுத்தேன் என்றார்கள். யோகராணி துணி வெட்டுவதை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் காது கொடுத்தாள். ஆரெலியிடம் அதிகம் சொல்லவில்லை. குளிர்காலம் தொடங்கியபோது புறநகரான லா கூர்னெவிலிருந்து கோசலை என்ற பெண் எடுத்தாள்.

கோசலை ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்தாள். நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த, ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண். கடை பூட்டும் ஒரு திங்கட்கிழமையில் வந்தாள். ஆரெலியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு நேரே வந்து, கைகொடுக்காமல், அவளுடைய தாடையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். ஆரெலி விட்டுக்கொடுத்தாள்.

கோசலையின் பிரெஞ்சு பிள்ளைகளிடம் கற்ற பிரெஞ்சு. அதில் எல்லோரும் 'நீ'தான். "நீ உயரம். அப்பாவும் உயரம்" என்றாள் அமர்ந்ததும். யோகராணி மூன்று பேருக்கும் தேநீர் ஊற்றினாள்.

கோசலையின் குடும்பத்தார் கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் பக்கத்தில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்களாம். தாய் சின்னவளைப் பெற்ற கையோடு கண்மூடிவிட்டாள். தகப்பனுக்குப் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தங்கச்சி கோசலையின் இடுப்பில்தான். ரயில் போகும்போது இருவரும் பின்கதவில் நிற்பார்கள். பின்னேரங்களில் அலை பெரிதாக வந்தால் வீட்டுக்குள்ளேயே உப்புக் காற்று வந்து, மடித்து வைத்த உடுப்பெல்லாம் பிசுபிசுக்கும். கோசலை இதைச் சொல்லும்போது சிரித்தாள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வீட்டை நடத்துவது எவ்வளவு பெருமை என்று சொன்னாள். சோறு வடிக்கும்போது தங்கச்சி காலைக் கட்டிக்கொண்டு நிற்கும், அதைத் தட்டிவிடாமல் வடிக்கத் தனக்குத் தெரியும் என்று எழுந்து நின்று காட்டினாள். ஆரெலிக்கு அந்தப் பிசுபிசுப்பு தெரிந்தது போலிருந்தது. ஈரத் துணியில் கன்னத்தை வைத்துக்கொண்டு யாருடைய இடுப்பிலோ போனது ஞாபகம் இருக்கிறது என்றாள். கோசலை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

எண்பத்துமூன்று ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் வீட்டை எரித்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இரவு முழுவதும் ஒளித்து வைத்து, விடிய அகதி முகாமாக்கிய ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது. தகப்பன் வேலையிலிருந்து வரவேயில்லை. முகாமில் பால்மா கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தங்கச்சியைப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் மடியில் வைத்துவிட்டுக் கோசலை வரிசைக்குப் போனாள். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை.

அந்த இடத்தில் கோசலை பேச்சை நிறுத்தினாள். யோகராணியின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"அக்கா, இவவின்ரை காலை ஒருக்காப் பாக்கலாமோ எண்டு கேளுங்கோ. எங்கடை அப்பாவுக்கு இடது காலிலை ரெண்டாம் மூண்டாம் விரல் ஒட்டினபடி. எனக்கும் அப்பிடித்தான். தங்கச்சிக்கும் அப்பிடித்தான்."

சொல்லிக்கொண்டே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றித் தன் காலை முன்னால் வைத்தாள். இரண்டு விரல்கள் நகம் வரை ஒன்றாக இருந்தன. யோகராணி மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. ஆரெலி குனிந்து தன் நீண்ட சப்பாத்தின் ஜிப்பை இழுத்தாள். அது நடுவில் இறுகிக்கொண்டது. கோசலையே முழங்காலிட்டு அதை விடுவித்தாள். காலுறையையும் அவளே உருவினாள்.

விரல்கள் தனித்தனியாக இருந்தன.

கோசலை அந்தக் காலை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலுக்கும் அடுத்ததற்கும் இடையில், அதற்கும் அடுத்ததற்கும் இடையில் என்று விரலை ஓட்டிப் பார்த்தாள். "சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் வெட்டிப் பிரித்திருப்பார்களோ?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

ஆரெலி ஜிஸ்லேனுக்குத் தொலைபேசி எடுத்தாள். கடைக்குள் அந்த முதிய குரல் எல்லோருக்கும் கேட்டது. "உன் காலிலா? ஒரு சத்திரசிகிச்சையும் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான்தானே நகம் வெட்டினேன். அழகான கால்கள்." கொஞ்சம் பொறுத்து, "ஏன்? அவளைக் கண்டுபிடித்துவிட்டாயா?" என்று கேட்டாள்.

"இல்லை அம்மா. பிறகு எடுக்கிறேன்."

கோசலை காலுறையைத் திரும்ப மாட்டிவிட்டாள். குதிக்கால் சரியாகப் பொருந்தும்படி இழுத்துவிட்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தேநீர் ஆறிப்போயிருந்தது. யோகராணி புதிதாக ஊற்ற எழுந்தவள், எழுந்த இடத்திலேயே நின்றாள்.

"உங்களிடம் ஒன்று கேட்கலாமா?" என்றாள் கோசலை. அதுவரை 'நீ' என்று பேசியவள். "என் தங்கச்சியிடம் கேட்க வேண்டியது. அவள் இல்லை, அதனால் உங்களிடம் கேட்கிறேன். அக்கா வருவாள் என்று எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?"

ஆரெலிக்கு அந்தக் கேள்வி விளங்கியது. கொஞ்ச நாள்தான் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். எதிரே இருந்த முகம் பொய்யை ஏற்றுக்கொள்ளும் முகமாக இல்லை.

"ஒரு குளிர்காலம் முழுவதும் ஜன்னலில் நின்றேனாம். பிறகு நிறுத்திவிட்டேன். மறந்துதான் போனேன். அதன்பின் எனக்கு நல்ல வீடு, நல்ல அப்பா, அம்மா."

"கோபம் இருந்ததா?"

"கோபம் ஞாபகமில்லை. ஜன்னலில் நின்று நான் சொன்னதை அம்மா கேட்டிருக்கிறாள். கொக்கா வருவா என்றுதான் சொன்னேனாம். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை."

கோசலை கையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஆரெலி அவள் அமைதியாகும் வரை காத்திருந்துவிட்டுத் தன் கேள்வியைக் கேட்டாள். அதைக் கேட்க அவளுக்கு வேறு ஆளில்லை.

"என் அக்கா ஏன் வரவில்லை?"

இதற்குக் கோசலையின் பிரெஞ்சு போதவில்லை. தமிழில்தான் சொன்னாள், ஆரெலியின் கண்ணைப் பார்த்தபடி.

"வந்திருப்பா. நான் திரும்பி வந்தனான். பால்மா வாங்கிக்கொண்டு ஓடி வந்தனான். நான் வர அங்கை ஆளில்லை. லொறியிலை ஏத்தி யாழ்ப்பாணம் போற கப்பலுக்குக் கொண்டுபோட்டினம் எண்டு சொல்லி என்னையும் ஏத்திவிட்டினம். காங்கேசன்துறையிலை இறங்கின சனத்துக்குள்ளை ஒவ்வொரு பிள்ளையா முகத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தனான். உம்மடை கொக்காவும் வந்திருப்பா. வந்த இடத்திலை நீர் இல்லை. அவ்வளவுதான்."

யோகராணி மொழிபெயர்க்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து சொன்னாள். 'கொக்கா' வந்த இடத்தில் மட்டும் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டாள்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கார் து நோர் ரயில் நிலையம் வரை ஆரெலி கூடவே நடந்தாள். வழியெல்லாம் கோசலை தங்கச்சியைப் பற்றியே பேசினாள். பெயர் தாட்சாயினி, வீட்டில் தாச்சி. ரயில் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு ரயிலைப் பார்ப்பாள். முட்டையில் மஞ்சள்கரு மட்டும்தான் சாப்பிடுவாள். தன் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொன்னதில்லை என்றாள். அவர்கள் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளைகள், பாவம், என்ன செய்வார்கள். ஆரெலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். லா கூர்னெவ் ரயில் கதவு மூடும்போது கோசலை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.

குளிர் முடியும் வரை அவர்கள் சந்திக்கவில்லை. எதற்கென்று சந்திப்பது என்று இருவருக்குமே தெரிந்திருக்காது. யோகராணி மட்டும் மாதத்துக்கு ஒருமுறை வானொலியில் அதே அறிவித்தலைச் சொன்னாள். இப்போது அதில் தாட்சாயினியும் சேர்ந்திருந்தாள். வெள்ளவத்தை என்றும், இடது கால் என்றும் சொன்னாள். இரண்டொருவர் எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் லா சப்பல் பிள்ளையாருக்குத் தேர் வந்தது. தேர் வரும் தெருக்களைக் காலையிலேயே தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள். ஆரெலி யோகராணியின் கடை வாசலில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண் தமிழில் என்னவோ கேட்க, "எனக்குத் தமிழ் தெரியாது" என்று யோகராணி சொல்லிக்கொடுத்திருந்த வசனத்தைத் தமிழில் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தாள்.

சனத்துக்குள் கோசலை வருவதை அவள் தூரத்திலேயே கண்டாள். மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். முகத்தை நிமிர்த்தவேயில்லை. வடத்தைப் பிடித்த பெண்கள் நூற்றுக்கணக்கில் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தார்கள். கோசலை அவர்களுடைய பாதங்களைப் பார்த்தபடி ஓரமாக நடந்து வந்தாள். பாரிஸுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தேருக்கும் அவள் இப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று ஆரெலிக்குப் பட்டது. வாசலுக்கு வந்ததும் கோசலை தலையை நிமிர்த்தி, அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து நின்றாள்.

தேர் திரும்பி வரும் சத்தம் கேட்டது. ஆரெலி கடந்துபோகும் பெண்களில் தன்னைவிட மூத்தவர்களின் முகங்களைப் பார்த்தாள். கோசலை குனிந்து தெருவைப் பார்த்தாள். உடைத்த தேங்காய்களின் நீரை மிதித்து வந்த ஈரப் பாதங்கள் காய்ந்த தார்த்தெருவில் பதிந்து பதிந்து போயின. வெயில் அந்தத் தடங்களை ஒவ்வொன்றாக விரல்களிலிருந்து காயவைத்துக்கொண்டிருந்தது. காய்ந்து முடிவதற்குள் அவற்றின்மேல் வேறு பாதங்கள் வந்து விழுந்தன.